பழைய பருத்திச் சேலையில் அடுக்குப் போர்வை: காந்தாவா, கவந்தியா, பிளாக் முறையா?

இழைபின்னி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். துவைச்சுத் துவைச்சு மெத்துன்னு ஆன பருத்திச் சேலை ஆறும், வெள்ளை வேட்டி ரெண்டும் கையில இருக்கு. எல்லாமே முழுப் பருத்திதான், ஜரிகை இல்லை. ஒருத்தர் படுக்கிற கட்டிலுக்கு 150 செ.மீ. அகலம், 220 செ.மீ. நீளத்துல ஒரு போர்வை முழுக்கக் கைத்தையலாவே போடணும்.

மூணு வழி பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணு வங்காளத்துக் காந்தா. ரெண்டாவது கர்நாடகத்துல இருக்கிற, ஆப்பிரிக்க வழிவந்த 'சித்தி'ங்கிற இன மக்கள் போடுற கவந்தி. மூணாவது, சதுரம் சதுரமா இணைச்சு நடுவுல பஞ்சு விரிப்பு வெச்சுத் தைக்கிற அமெரிக்க பிளாக் முறை. இந்தத் துணிக்கு எது பொருந்தும்? நடுவுல பஞ்சு அவசியமா? சட்டமும் வளையமும் இல்லாம தரையில விரிச்சுத் தைச்சா அடிப்பக்கம் சுருக்கம் விழும்னு சொல்றாங்க, அது ஏன் விழுது, எப்படித் தடுக்கிறது? நூல் எவ்வளவு வாங்கணும்னும் ஒரு கணக்கு சொன்னா நல்லா இருக்கும்.

---

ஊசிக்காது:

உங்கள் துணிக்குக் காந்தாதான் நேர்ப் பொருத்தம். பஞ்சு வேண்டாம். பழந்துணியை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அத்தனை அடுக்கையும் ஓட்டுத் தையலால் (ஊசி மேலும் கீழுமாக ஏறி இறங்கி நேராக ஓடும் தையல்) நெருக்கமாகப் பிடிப்பதுதான் காந்தாவின் கட்டமைப்பு. தையல் வரிகளுக்கு நடுவே துணி லேசாக மேடிட்டு நிற்கும்; அந்த மேட்டுக்குள் சிக்கும் காற்றுதான் பாதிக் கதகதப்பு. வங்காளத்தில் குளிருக்குப் போர்த்தும் தடித்த வகையை லெப் என்பார்கள், விசேஷ நாளில் விரிப்பது சுஜனி. பீகாரின் முசாஃபர்பூர் மாவட்டத்து சுஜனி வேறொரு மரபு. அதில் உருவங்களின் வெளிக்கோடு சங்கிலித் தையலில் வரும், சுற்றியுள்ள வெற்றிடம் முழுக்கத் துணியின் நிறத்திலேயே ஓட்டுத் தையல் நிரம்பும். அதற்கு 2006-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

உங்கள் அளவுக்கு ஐந்து அடுக்கு போதும். அதற்கு மேல் போனால் ஊசியில் மூன்று நான்கு தையலாகக் கோத்து இழுக்க முடியாது, ஒவ்வொன்றாகக் குத்தி எடுக்க வேண்டிவரும். வேகமும் போகும், வரி கோணலாகவும் போகும்.

வெட்டும் கணக்கு: சேலை 5.5 மீட்டர் நீளம், சுமார் 115 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு பக்கக் கரையையும் வெட்டி எடுத்துவிடுங்கள். கரையின் நெசவு அடர்த்தியானது, ஊசி ஏறாது. உடலோடு சேர்ந்து சுருங்கவும் சுருங்காது, அதனால் துவைத்தபின் அந்த இடம் மட்டும் நெளியும். கரை போக 105 செ.மீ. நிற்கும். 240 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு வெட்டுங்கள். ஒன்றை முழு அகலத்தில் வைத்து, மற்றதிலிருந்து 60 செ.மீ. அகலம் எடுத்துப் பக்கத்தில் சேர்த்தால், 2 செ.மீ. மேலேற்றம் போக 163 செ.மீ. கிடைக்கும். ஆக ஒரு அடுக்குக்கு ஒரு சேலை. உள் அடுக்குகளில் இந்த இணைப்பைத் தைக்கவே வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றால் போதும், காந்தாத் தையலே பிடித்துக்கொள்ளும். ஆனால் எல்லா அடுக்கிலும் இணைப்பு ஒரே இடத்தில் வரக்கூடாது. ஒன்றில் இடப்பக்கம் என்றால் அடுத்ததில் வலப்பக்கம்.

வேட்டியை மேல் சேலைக்கு நேர் கீழே வையுங்கள். வெளிர் நிற மேல்துணிக்கு அடியில் அடர் நிறம் இருந்தால் நிழல் தட்டும்.

இனிச் சுருக்கம். ஐந்து துணியையும் எவ்வளவு இழுத்து விரித்தாலும் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தளர்ச்சி இருக்கும். ஊசி போகப் போக அந்தத் தளர்ச்சி ஊசிக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போகும். போக வழி இருந்தால் ஓரத்தில் வெளியேறிவிடும். வழி இல்லை என்றால் அடிப்பக்கம் மடிப்பாகக் குவியும். அதனால்தான் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைக்க வேண்டும், ஓரத்தைக் கடைசியில்தான் மூட வேண்டும். நான்கு ஓரத்தையும் முதலில் மூடிவிட்டு உள்ளே தைத்தால் தளர்ச்சி முழுக்க நடுவில் வந்து நிற்கும். பிறகு பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, இஸ்திரி போட்ட அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்குமாறு விரியுங்கள். நான்கு பக்கமும் டேப் ஒட்டுங்கள். தட்டையாக நிற்க வேண்டும், விறைப்பாக இழுபடக்கூடாது. இழுத்து ஒட்டிய துணி டேப்பை எடுத்ததும் பழைய அளவுக்குத் திரும்பும், மேலடுக்கெல்லாம் பொங்கி நிற்கும். ஒவ்வொரு அடுக்கையும் உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவிவிட்டு அடுத்ததை வையுங்கள். எல்லா அடுக்கிலும் பாவு நூல் (நெசவில் சேலையின் நீளத்துக்கு ஓடும் நூல்) நீளவாக்கிலேயே ஓடட்டும்.

பிறகு பெரிய தையலாகத் தற்காலிக ஓட்டு. நடுக்கோட்டிலிருந்து தொடங்கி நீளவாக்கிலும் குறுக்கிலும் 10 செ.மீ.க்கு ஒரு வரி. ஒவ்வொரு தையலும் 4, 5 செ.மீ. இருக்கலாம். ஊசி முனை தரையில் கிரீச்சென்று உரசித் திரும்பினால் கடைசி அடுக்கையும் தாண்டிவிட்டது என்று அர்த்தம். உரசாமல் வந்த தையல் நாலு அடுக்கோடு நின்றிருக்கும், அதைத் திரும்பப் போடுங்கள். இந்த வேலையைக் குறைத்துக்கொள்ள நினைக்காதீர்கள். சட்டம் இல்லாதவருக்கு இந்தத் தற்காலிக ஓட்டுதான் சட்டம்.

காந்தாத் தையல் மேலே 4 மி.மீ., இடைவெளி 3 மி.மீ. என்ற கணக்கில் போகட்டும். நூலை 50 செ.மீ.க்கு மேல் எடுக்காதீர்கள், ஐந்து அடுக்கில் உரசி உரசிப் பிசிறு தட்டும். ஒரு சாண் தைத்ததும் நிறுத்தி, தைத்த வரியை இரு விரலுக்கு நடுவே பிடித்து நீவிவிடுங்கள். நூல் துணிக்குள் சற்றே ஓடித் தளரும். நீவாமல் இழுத்துக்கொண்டே போனால் வரி நாடா கோத்த பாவாடை போலச் சுருண்டுவிடும்.

பக்கத்து வரிகளில் தையலும் இடைவெளியும் நேருக்கு நேர் நின்றால் குறுக்கே வரப்பு வரப்பாக மேடு விழும். ஒன்றுவிட்டு ஒன்று மாறி நின்றால் சின்னச் சின்னக் குழியாக விழும். இரண்டும் அழகுதான். கலந்து போட்டால் பரப்பு குழம்பிப்போகும்.

நூல் கணக்கு: வரிக்கு வரி 1 செ.மீ. என்றால் 150 வரி, ஒவ்வொன்றும் 2.2 மீட்டர், மொத்தம் 330 மீட்டர். ஏறி இறங்குவதற்கும் முடிச்சுக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 400 மீட்டர். அரை செ.மீ. இடைவெளி என்றால் 800 மீட்டர். முழுப் பருத்தி நூலாக வாங்குங்கள். ஆறு பிரி எம்பிராய்டரி நூலிலிருந்து இரண்டு பிரி எடுத்துத் தைப்பதாக இருந்தால், ஒரு மீட்டர் நூல் மூன்று மீட்டராகக் கணக்கில் வரும்.

---

நூற்கண்டு:

காந்தாவைப் பற்றிச் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆறு சேலையும் ஆறு நிறம் என்றால் கவந்தியைத் தள்ளிவிடாதீர்கள். ஓரத்திலிருந்து உள்ளே தைத்துப் போகும் முறை அது. மேலே சொன்ன விதிக்கு நேர் எதிராகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது: கவந்தியில் மேல்துணி ஒரே விரிப்பாக இருப்பதில்லை. ஒவ்வொரு ஒட்டுத்துண்டும் அதன் முறை வரும்போதுதான் வைக்கப்படுகிறது. முன்னால் தள்ளப்படுவதற்கு மேலே தளர்ச்சியே கிடையாது.

உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர் பக்கத்துச் சித்தி பெண்களின் முறை இது. அடியில் ஒரு சேலை, அதன் நான்கு ஓரத்தையும் 2 செ.மீ. உள்ளே மடித்துக்கொள்ள வேண்டும். ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, அதன் வெளி விளிம்பையும் உள்ளே மடித்து, மடிப்போடு மடிப்பு பொருந்த ஓரத்தை ஒட்டியே ஓட்டுத் தையல். துண்டின் முடிவு வரும்போது அடுத்த துண்டின் விளிம்பை அரை அங்குலம் மடித்து, முந்தையதன் பிசிறான ஓரத்தின் மேல் ஏற்றி வைத்து, நூலை அறுக்காமல் தொடர்ந்து தைக்க வேண்டும். சுற்று முடிந்ததும் ஒரு செ.மீ. உள்ளே தள்ளி அடுத்த சுற்று. இப்படியே நடுவில் கடைசித் துண்டு மூடும் வரை. தையல் வரி சதுரச் சதுரமாக உள்நோக்கிச் சுழன்று போகும். வரியே ஒட்டைப் பிடிப்பதால் ஒட்டுக்கென்று தனித் தையல் கிடையாது, ஓரப்பட்டியும் தேவையில்லை.

நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து அடுக்கிச் செருகுவார்கள், அதற்கு ஃபுலா என்று பெயர். அது இல்லாத கவந்தி முடிந்த கவந்தியாகக் கருதப்படாது. நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

தவறு நேரும் இடம் அடித்துணி. மேலே தளர்ச்சி இல்லாவிட்டாலும் அடியில் உண்டு. இரண்டு சுற்றுக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு அடித்துணி நடுவில் பையாகத் தொங்குகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் தொங்கினால் அடுத்த சுற்றுகளில் ஒவ்வொரு தையலிலும் சிறிது சிறிதாக உள்வாங்கித் தைக்கலாம். நடுப்பகுதி ஓர் அடிச் சதுரமாகக் குறுகிய பிறகு கண்டுபிடித்தால் உள்வாங்க இடம் இருக்காது.

துண்டுகளை அளந்து வெட்ட வேண்டியதில்லை. பாவு, ஊடை (குறுக்கே ஓடும்) நூல் நேராக வரும்படி கிழித்தெடுத்தால் போதும். கோணலாக வெட்டிய விளிம்பு மடிக்கும்போதே இழுபட்டு அலையலையாகும். துண்டு உள்ளங்கையைவிடச் சிறியதாக வேண்டாம். சிறிய துண்டில் மடிப்பின் மேல் மடிப்பு வந்து, ஊசி ஏழெட்டு அடுக்கில் நிற்கும்.

---

பாவும் ஊடும்:

பிளாக் முறை எனக்கு மிகவும் பிடித்தது. இருந்தாலும் இந்தத் துணிக்கு முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். அந்த முறை முழுக்கக் கால் அங்குலத் தையல் ஓரத்தில் நிற்கிறது. ஒரு வரிசையில் ஒன்பது சதுரம் என்றால் எட்டு இணைப்பு. ஒவ்வொன்றிலும் இரு பக்கமும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் போனால் வரிசை ஓர் அங்குலம் குறையும். பக்கத்து வரிசை சரியாக இருந்தால் இரண்டும் சேராது. மெத்தென்ற பழஞ்சேலை கத்தரிக்கு அடியிலேயே நெளியும். செய்தே தீரவேண்டும் என்றால் வெட்டுவதற்கு முன் கெட்டியாகக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்யுங்கள், காகிதம் போல நிற்கும். நெசவு தளர்ந்திருந்தால் கால் அங்குல ஓரம் பிரிந்து வந்துவிடும், அரை அங்குலம் விடுங்கள்.

பிளாக்கிலேயே பழந்துணிக்கு ஏற்றது லாக் கேபின். ஒரு அடித்துணியின் மேல் தைப்பதால் பட்டைகள் இழுபட முடியாது, அதற்கு உங்கள் வேட்டி இருக்கிறது. வேட்டியை எட்டரை அங்குலச் சதுரமாக வெட்டி மூலைக்கு மூலை கோடு போடுங்கள். கோடுகள் வெட்டும் இடத்தில் இரண்டரை அங்குலச் சதுரம். மரபாக இது சிவப்பில் வரும். அதைச் சுற்றி ஒன்றரை அங்குலப் பட்டைகள்: அடுத்தடுத்த இரண்டு பக்கம் வெளிர், மற்ற இரண்டு பக்கம் அடர். ஒவ்வொரு பட்டையையும் நல்ல பக்கத்தோடு நல்ல பக்கம் வைத்து, கால் அங்குலத்தில் தைத்து, வெளியே மடக்கி, நகத்தால் கீறி அமர்த்திவிட்டு அடுத்தது. மூன்று சுற்றில் முடிந்த அளவு எட்டு அங்குலம் வரும். அகலத்துக்கு 7, நீளத்துக்கு 10, மொத்தம் 70 பிளாக். சுற்றுப்பட்டி பக்கங்களில் ஒன்றரை அங்குலமும் தலை, கால் பக்கம் மூன்று அங்குலமும் வைத்தால் உங்கள் அளவு வந்துவிடும்.

சுற்றுப்பட்டியின் நீளத்தை ஓரத்தில் அளக்காதீர்கள், போர்வையின் நடுவே அளந்து வெட்டுங்கள். ஓரம் கையில் இழுபட்டு நீண்டிருக்கும். அந்த நீளத்துக்கே பட்டியையும் வைத்தால் போர்வை தரையில் தட்டையாகக் கிடக்காது, ஓரமெல்லாம் அலை அடிக்கும்.

ஒட்டுத் தையலில் நேர்த்தி என்பது அளவுகோலில் மட்டும் இல்லை என்பதற்கு அமெரிக்காவில் அலபாமாவின் கீஸ் பெண்ட் என்ற ஊரின் குவில்ட்டுகளை (அடுக்குத் தையல் போர்வைகளை) பாருங்கள். உழைத்துத் தேய்ந்த வேலை உடைகளைக் கண்ணளவில் வெட்டி இணைத்தவை அவை. 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் தொங்கின. பட்டை கோணினால் அடுத்த பட்டையை அதற்கேற்ப வெட்டிச் சமன் செய்திருப்பார்கள்.

பஞ்சு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொட்டிப் பரப்பும் பஞ்சு என்றால் இரண்டு அங்குலத்துக்குள் தையல் வரி வந்தாக வேண்டும். இல்லையேல் துவைக்கும்போது நகர்ந்து மூலையில் கட்டியாகச் சேரும். ஊசியால் குத்திப் பிணைத்த பஞ்சு விரிப்பு என்றால் இடைவெளி கூட்டலாம், எவ்வளவு என்பது விரிப்பின் உறையிலேயே போட்டிருக்கும். பாலியெஸ்டர் விரிப்பைத் தளர்ந்த சேலைக்குள் வைக்காதீர்கள். அதன் இழை நெசவு வழியே வெளியேறி மேலெல்லாம் வெள்ளைப் பொடியாக நிற்கும், உருவினால் இன்னும் வரும். லாக் கேபினில் அடித்துணியே ஓர் அடுக்காகிவிடுவதால் பஞ்சும் வைத்துக் கையால் தைப்பது கடினம். பழைய லாக் கேபின் குவில்ட்டுகளில் பலவற்றை வரிவரியாகத் தைக்காமல் அங்கங்கே நூல் முடிச்சால் கட்டியே விட்டிருக்கிறார்கள்.

---

இழைபின்னி:

ரொம்ப நன்றி. காந்தாவே போடலாம்னு முடிவு பண்ணிட்டேன், மிச்சத் துண்டுல ஒரு சின்னக் கவந்தி. இன்னும் மூணு சந்தேகம். ஒரு சேலை அரக்குச் சிவப்பு, சாயம் போகுமான்னு பயமா இருக்கு. 240 செ.மீ. வெட்டச் சொன்னீங்க, 220-க்கு அவ்வளவு கூடுதல் ஏன்? ரெண்டு சேலையில அங்கங்கே நெசவு நைஞ்சு போயிருக்கு, அதை என்ன செய்றது?

---

ஊசிக்காது:

சாயம்: வெள்ளைத் துணியை நனைத்துச் சிவப்புச் சேலையின் மேல் வைத்துச் சூடாக இஸ்திரி போடுங்கள். வெள்ளையில் நிறம் ஒட்டினால் அந்தச் சேலையைத் தனியாக வெந்நீரில் அலசுங்கள், நீர் தெளிவாகும் வரை. உப்பும் வினிகரும் ஊற்றினால் சாயம் நிற்கும் என்பதை நம்பாதீர்கள், ஏற்கெனவே ஏற்றிய சாயத்தை அவை பிடித்து வைக்காது. நாலு அலசலுக்குப் பிறகும் நீர் சிவந்தே வந்தால் அந்தச் சேலை இந்தப் போர்வைக்கு வேண்டாம். உள் அடுக்கில் ஒளித்து வைத்தாலும் முதல் துவைப்பில் வெளியே ஊறும். நூலையும் இதே மாதிரி சோதியுங்கள். துணியைச் சோதித்துவிட்டுச் சிவப்பு நூலை அப்படியே கோப்பவர்கள் அதிகம்.

அளவு: நெருக்கமாகத் தைத்தால் துணி உள்வாங்கும். எவ்வளவு என்பது உங்கள் கையின் இழுப்பையும் வரி இடைவெளியையும் பொறுத்தது. அதே ஐந்து அடுக்கில் 30 செ.மீ. சதுரம் அளந்து குறித்து, முழுக்கத் தைத்து, நனைத்து உலர்த்தி அளவெடுங்கள். 28.5 வந்தால் நூற்றுக்கு ஐந்து போயிருக்கிறது. 220-ஐ 0.95-ஆல் வகுத்தால் 231.6, இரு பக்கமும் ஓர மடிப்புக்கு 2 செ.மீ. வீதம் சேர்த்தால் 236, அதைத்தான் 240 என்றேன். உங்கள் மாதிரித் துண்டு வேறு எண் சொன்னால் அந்த எண்ணை வையுங்கள். நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். தையல் ஓடும் திசையில்தான் அதிகம் சுருங்கும்.

---

மறுதையல்:

நைந்த சேலையைப் பற்றி. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெசவு வலை போலத் தெரியும் இடத்தில் இரு கட்டைவிரலையும் அடுத்தடுத்து வைத்துப் பக்கவாட்டில் லேசாக இழுங்கள். சத்தமில்லாமல் பிரிந்தால் அந்தப் பகுதி போர்வைக்கே ஆகாது, வெட்டி எடுத்துவிடுங்கள். தாங்கினால் உள் அடுக்கில் வைக்கலாம், மேலுக்கும் அடிக்கும் வேண்டாம். சேலையில் பெரும்பாலும் காலடிக் கரையை ஒட்டிய பகுதிதான் முதலில் நையும், தலைப்புப் பக்கம் உறுதியாக இருக்கும்.

மேல்துணியில் தவிர்க்க முடியாமல் ஒரு நைந்த இடம் வந்துவிட்டால் ஜப்பானிய போரோ வழியை, அதாவது நைந்த துணியை ஒட்டுப்போட்டுத் தைத்துக் காக்கும் முறையைப் பின்பற்றலாம். ஒட்டுத்துண்டை அடியில் வைத்து, நைந்த பகுதியின் விளிம்பைத் தாண்டி இரண்டு விரலளவு நல்ல துணி வரை சாஷிகோ என்னும் ஜப்பானிய ஓட்டுத் தையல் வரிகளை ஓட்டுங்கள். விளிம்போடு நிறுத்தினால் அந்த விளிம்பிலேயே மறுபடி கிழியும். சாஷிகோவில் மேல் தையல் சற்று நீளம், அடித் தையல் குறைவு, சுமார் மூன்றுக்கு இரண்டு. வரி திரும்பும் இடத்தில் அடிப்பக்கம் நூலைச் சிறு வளையமாகத் தளர விட வேண்டும். துணி இழுபடும்போது அந்த வளையம்தான் இடம் கொடுக்கும்.

நூல் விஷயத்தில் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன்: துணியைவிட வலுவான நூல் வேண்டாம். போர்வையை யாராவது மிதித்துக்கொண்டு இழுத்தால் ஏதாவது ஒன்று அறும். நூல் அறுந்தால் அந்த வரியை மட்டும் திரும்ப ஓட்டிவிடலாம்; நூல் தாங்கி நின்றால் சேலை ஊசித்துளை வரிசையிலேயே கிழியும். பழைய காந்தாக்களில் சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்திருப்பார்கள், துணியும் நூலும் ஒரே வயதில் தேய்ந்தன. நீங்கள் வெட்டி எடுக்கும் கரையும் பருத்திதான், நூல் முறியாமல் உருவ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பத்து வரிக்கு ஒன்றாகவாவது அந்த நூலில் ஓட்டுங்கள், சேலையின் நிறமே மேலே வரும்.

ஓரம் மூடும்போது மேல், அடித் துணிகளை உள்ளே மடிப்பதற்கு முன் நடு மூன்று அடுக்கை மட்டும் 2 செ.மீ. குறைத்து வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் ஓரத்தில் மட்டும் ஏழு அடுக்கு சேர்ந்து கயிறு மாதிரி திரண்டு நிற்கும். மடித்த ஓரத்தில் இரண்டு வரி ஓட்டுத் தையல், ஒன்று விளிம்பை ஒட்டி, மற்றது அரை செ.மீ. உள்ளே. தற்காலிக ஓட்டை அதற்குப் பிறகுதான் பிரிக்க வேண்டும். பிரிக்கும்போது நீளமாக இழுக்காமல் நாலு தையலுக்கு ஒருமுறை கத்தரித்துத் துண்டு துண்டாக எடுங்கள்.